ஒரு மெஷின், ரெண்டு ஓஎஸ், ரெண்டு ஹாட் டிஸ்க்: ரெய்ட் போடுறதா வேணாமா?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல ஒருக்கா சுருக்கி சொல்லிர்றேன், வாசிக்கிற மத்த ஆக்களுக்கும் விளங்கணும்ல. ஹட்டன் பக்கம் வீடு, கல்யாண வீட்டு போட்டோ எடுக்கிற வேலை, எடிட் பண்ண விண்டோஸ், கம்பஸ் படிப்புக்கு உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை), ரெண்டும் ஒரே மெஷின்ல. 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்னு ஏற்கனவே இருக்கு, இப்ப 2 டிபி ஹாட் டிஸ்க் ரெண்டு கொழும்புல இருந்து எடுப்பிச்சிருக்கீங்க. பயோஸ்ல, அதாவது ஓஎஸ் எழும்ப முந்தி வாற மதர்போர்ட் செட்டிங்ல, ரெய்ட்னு ஒரு ஒப்ஷன் கெடக்கு, அத ஓன் பண்ணி ரெண்டையும் ஒன்னாக்கினா ஸ்பீடும் கூடும் போட்டோவும் பத்திரமா இருக்கும்னு கூட்டாளி சொல்றாராம், சரியான்னு கேக்குறீங்க.

அவசரமா சொல்ல வேண்டியத சொல்லிர்றேன், இன்னைக்கு ராத்திரி பயோஸ தொடாதீங்க. விண்டோஸ் ஏஹெச்சிஐ மோட்ல (டிஸ்க்க தனித்தனியா பாக்கிற சாதாரண மோட்) இன்ஸ்டால் ஆகியிருக்கிற மெஷின்ல திடீர்னு ரெய்ட் மோடுக்கு மாத்தினா அடுத்த தடவ ஓன் பண்ணுறப்ப நீலத் திரையில "இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்"னு வந்து நிக்கும். பயந்து விண்டோஸ திருப்பி அடிக்கிற ஆக்கள் நிறைய. திரும்ப ஏஹெச்சிஐக்கே மாத்தினா சும்மா எழும்பிரும், அது தெரியாமத்தான். இன்னொன்னு, விண்டோஸ் 11 புதுசா போட்ட மெஷின்கள்ல கேக்காமலே டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லொக்கர், ஓன் ஆகியிருக்க வாய்ப்பிருக்கு, அப்படி இருந்தா பயோஸ்ல கை வச்ச உடனே பிட்லொக்கர் ரிக்கவரி கீ கேக்கும். அந்த 48 இலக்கத்த மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட்ல பாத்து ஒரு கொப்பியில எழுதி வச்சிட்டு மத்த வேலைய பாருங்க.

சரி, ஸ்பீடும் பாதுகாப்பும்னு கூட்டாளி சொன்னாரே, ரெண்டு டிஸ்க்க வச்சிக்கிட்டு ரெண்டும் முழுசா கெடைக்காது. ரெய்ட் 0ன்னா ஒரு ஃபைல துண்டு துண்டா வெட்டி மாறி மாறி ரெண்டு டிஸ்க்லயும் எழுதுறது, 4 டிபி முழுசா கெடைக்கும், வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு, ஆனா எந்த டிஸ்க் போனாலும் எல்லா ஃபைலும் போச்சி. பாதி மிஞ்சும்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு போட்டோவும் ரெண்டு டிஸ்க்லயும் பிச்சிப் பிச்சி கெடக்கிறதால ஒன்னு கூட முழுசா தேறாது. ரெய்ட் 1ன்னா மிரர், ஒரே சாமான ரெண்டுலயும் எழுதுறது, கெடைக்கிறது 2 டிபி மட்டுந்தான், எழுதுற வேகம் ஒத்த டிஸ்க் வேகந்தான், ஆனா ஒன்னு செத்தாலும் வேலை நிக்காது. மூணு டிஸ்க் இருந்தா ரெய்ட் 5, அது கணக்கு மாதிரி, 5ம் 3ம் கூட்டி 8ன்னு மூணாவதுல எழுதி வச்சா 3 தொலஞ்சாலும் 8ல இருந்து 5 கழிச்சி கண்டுபுடிக்கலாம், உண்மையில உள்ள நடக்கிறது எக்ஸோர்னு ஒரு கணக்கு. வீட்டுக்கு அது வேணாம், ஏன்னு கீழ கரண்ட் கதையில சொல்றேன்.

இந்த யோசனையே 1988ல பெர்க்லியில டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையில இருந்து வந்தது. ரெய்ட்ங்கிற (RAID) பேர்ல உள்ள ஐ (I) எழுத்துக்கு அவங்க வச்ச அர்த்தம் "மலிவான"ங்கிறது, பெரிய மெஷினுக்கு ஒரு விலை கூடின டிஸ்க் வாங்குறத விட மலிவான சின்ன டிஸ்க் நெறைய சேத்து வச்சா என்னங்கிற கேள்வி. பிறகு விக்கிற கம்பெனிகாரங்க அத "சுதந்திரமான"ன்னு மாத்திக்கிட்டாங்க, மலிவுன்னு சொல்லி கூடின விலைக்கு விக்க முடியாதே.

வேகத்துக்காக ஹாட் டிஸ்க்ல ரெய்ட் 0 போடுறது இப்ப அர்த்தமில்லாத வேலை. நல்ல ஹாட் டிஸ்க் ஒன்னு செக்கனுக்கு 150, 200 எம்பி வரும், ரெண்ட சேத்தா 350, 400னு வைங்க. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி தனியா 550 வரும், உங்க கையில ஏற்கனவே இருக்கிற என்விஎம்இ மூணாவது தலைமுறையா இருந்தா கூட 2000, 3000 வரும். அதனால எடிட் பண்ணுற கல்யாணத்த மட்டும் என்விஎம்இல வச்சி வேலை செய்யுங்க, முடிஞ்சத ஹாட் டிஸ்க்குக்கு தள்ளுங்க, வேகப் பிரச்சினை அதோட முடிஞ்சிச்சி. மிச்சம் இருக்கிறது பாதுகாப்பு, அதுக்கு மிரர்.

இப்பத்தான் உண்மையான சிக்கலுக்கு வாறோம். மிரர யாரு செய்யிறது? ஒரு உறையில ரெண்டு கத்தி வைக்க ஏலாதுன்னு நம்ம பெரியாக்கள் சொல்லுவாங்களே, ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ் வைக்கிற டுவல் பூட்ல ரெய்ட் கதை அச்சா அதுதான். விண்டோஸ் செஞ்ச மிரர லினக்ஸ் சரியா புரிஞ்சிக்காது, லினக்ஸ் செஞ்ச மிரர விண்டோஸ் பாக்கவே பாக்காது. லினக்ஸ்ல எம்டிஅட்ம்ங்கிற டூல்ல ரெய்ட் செய்யிறது, பழசு, நம்பலாம், நான் பல வருஷமா அதத்தான் வச்சிருக்கேன், ஆனா விண்டோஸுக்கு போனா அந்த டிஸ்க் அதுக்கு வெறும் குப்பை. விண்டோஸ்ல ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்னு 2012ல விண்டோஸ் 8ஓட வந்தது ஒன்னு இருக்கு, ஹோம் எடிஷன்லயும் இருக்கும், ரெண்டு டிஸ்க்க குடுத்து டூ-வே மிரர்னா செஞ்சி குடுக்கும், அத லினக்ஸ்ல தொறக்க நம்பகமான வழி இல்ல. அதுக்கு முந்தின டைனமிக் டிஸ்க் முறைய லினக்ஸ் ஓரளவுக்கு வாசிக்கும், ஆனா அது ப்ரோ எடிஷன்லதான் மிரர் செய்யும், அதோட மைக்ரோசொஃப்ட்டே அத கைவிட்டுட்டோம்னு சொன்ன சாமான், புதுசா அதுல போய் விழ வேணாம்.

அப்ப பயோஸ்ல உள்ள ரெய்ட் ரெண்டுக்கும் பொதுதானேன்னு கேப்பீங்க. பாக்க அப்படித்தான் தெரியும். உண்மையில மதர்போர்ட்ல ரெய்ட் செய்யிற தனி மூளை கெடையாது, பயோஸ் டிஸ்க்கோட கடைசியில ஒரு குறிப்பு எழுதி வைக்கும், வேலைய ஓஎஸ்ல உள்ள டிரைவர்தான் செய்யிது, சீபியூதான் உழைக்குது. இன்டெல் ரெய்ட் எழுதுற குறிப்ப எம்டிஅட்ம் வாசிக்கும், அதனால இன்டெல் மெஷின்ல ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே மிரர பாக்கிறது முடியாத காரியம் இல்ல, செஞ்சும் இருக்கேன். ஆனா உபுண்டு இன்ஸ்டாலரே இன்டெல் ஆர்எஸ்டி ஓன் ஆகியிருந்தா "அத ஓஃப் பண்ணிட்டு வா"ன்னு முகத்துக்கு நேர சொல்லும், அதுலயே விளங்கணும் எவ்வளவு சுமுகமா போகும்னு. ஏஎம்டி போர்டா இருந்தா லினக்ஸ் பக்கம் தலையிடி இன்னும் கூட, நெனைக்கவே வேணாம்.

பயோஸ் ரெய்ட்ட நான் விட்டதுக்கு காரணம் ஒரு பட்டன் பேட்டரி. டவுன்ல தெரிஞ்ச ஒரு கடைக்காரருக்கு நாந்தான் அப்படி ரெண்டு டிஸ்க் மிரர் போட்டு குடுத்தேன், நாலு வருஷம் ஒரு குறையும் இல்ல. ஒரு நாள் நீளமா கரண்ட் போய் வந்திச்சி, மதர்போர்ட்ல இருக்கிற சின்ன பேட்டரி எப்பவோ செத்திருக்கு, யாரும் கவனிக்கல, பயோஸ் எல்லாத்தையும் மறந்து ஏஹெச்சிஐக்கு திரும்பியிருச்சி. ஓஎஸ் வேற டிஸ்க்ல இருந்ததால விண்டோஸ் எழும்பிச்சி, அதுதான் வினையே, மிரரா இருந்த ரெண்டும் ரெண்டு தனித்தனி டிஸ்க்கா, ஒரே பேர்ல ஒரே ஃபைலோட வந்து நிக்கிது. அங்க வேலை செய்யிற பொடியன் "ஓ, ஒன்னு கொப்பி"ன்னு நெனச்சி ஒன்னுல மட்டும் ரெண்டு கெழமை வேலை செஞ்சிருக்கான். பிறகு நான் போய், யோசிக்காம, பயோஸ்ல ரெய்ட்ட திரும்ப ஓன் பண்ணேன். அது ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சிக்கிட்டு பழசையும் புதுசையும் கலந்து வாசிக்க, விண்டோஸ் செக்டிஸ்க் ஓட்டி "திருத்த" ஆரம்பிச்சி, ரெண்டு கெழமை பில்லு கணக்கு சல்லடையாப் போச்சி. பிழை என்னோடது, பேட்டரிய மாத்தி வச்சிருக்கணும், ஓன் பண்ண முதல் ஒரு டிஸ்க்க கழட்டியிருக்கணும்.

இதே காரணத்துக்காக இன்னொரு தந்திரத்தையும் தவிர்க்கச் சொல்றேன். எம்டிஅட்ம்ல குறிப்ப டிஸ்க்கோட கடைசியில எழுதுற 1.0 வகை ஒன்னு இருக்கு, அதுல விண்டோஸோட ஃபைல் முறையான என்டிஎஃப்எஸ் போட்டா மிரர்ல பாதிய விண்டோஸ் சாதாரண டிரைவ் மாதிரி தொறக்கும்னு சிலர் கெட்டித்தனமா சொல்லுவாங்க. தொறக்கும், உண்மை. விண்டோஸ் அதுல ஒரு எழுத்து எழுதினாலும் மத்த பாதிக்கு அது தெரியாது, லினக்ஸுக்கும் தெரியாது, ரெண்டும் சத்தமில்லாம வேற வேறயா போயிரும். அந்த கடைக்காரர் கதையே திரும்ப நடக்கும்.

அதனால உங்களுக்கு நான் கேக்கிற ஒரே கேள்வி, சோறு போடுறது எந்த ஓஎஸ்? போட்டோ வேலைதான் காசு, அது விண்டோஸ்ல. அப்ப மிரர் விண்டோஸுக்கு சொந்தம், ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்ல டூ-வே மிரர் போடுங்க, லினக்ஸுக்கு அந்த ரெண்டு டிஸ்க்கும் இல்லாத மாதிரி. ரெண்டு டிஸ்க்லயும் ஏதாவது இருந்தா முதல்ல எடுத்துருங்க, செய்யிறப்ப அழிச்சிருவான். சைஸ் கேக்கிறப்ப உள்ளத விட கூட போடவும் விடுவான், போடாதீங்க, இடம் முடிஞ்சா திடீர்னு நிக்கும். இதுல ஒரு நல்ல விஷயம், மெஷின் செத்தாலும் ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி இன்னொரு விண்டோஸ் மெஷின்ல மாட்டினா அந்த டிஸ்க் ஜோடிய அதுவே அடையாளம் கண்டுக்கும், அதே மதர்போர்ட்ட தேடி அலைய வேண்டியதில்ல. விண்டோஸையே இந்த மிரர்ல இருந்து பூட் பண்ண ஏலாது, அது என்விஎம்இலயே இருக்கட்டும்.

என்விஎம்இல விண்டோஸ் முதல்ல, பிறகு உபுண்டு, 100, 120 ஜிபி உபுண்டுக்கு தாராளம். ரெண்டுக்கும் பொதுவா ஒரு 50 ஜிபி என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் விட்டு வைங்க, சந்தி மாதிரி, சாமான் கை மாத்த. 2021ல வந்த 5.15 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்து என்டிஎஃப்எஸ் எழுதுற டிரைவர் லினக்ஸ் உள்ளயே இருக்கு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப கட்டாயம் ஓஃப் பண்ணுங்க, அது ஓன்ல இருந்தா விண்டோஸ் ஷட்டவுன் ஆகுற மாதிரி நடிச்சிட்டு பாதித் தூக்கத்துல கெடக்கும், லினக்ஸ் அந்த பார்ட்டிஷன வாசிக்க மட்டுந்தான் விடும், வம்பா எழுத வச்சா ஃபைல் கெடும்.

உபுண்டு இன்ஸ்டால் பண்ணுறப்ப ஒரு கைவேலை: ரெண்டு ஹாட் டிஸ்க்கோட கேபிளையும் கழட்டி விட்ருங்க. இன்ஸ்டாலர்ல "டிஸ்க்க முழுசா அழி"ங்கிறதுக்கு பக்கத்துல எந்த டிஸ்க்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல பாக்கிற கண்ணுக்கு 500ம் 2000மும் ஒன்னுதான். கேபிள் இல்லாத டிஸ்க்க யாராலயும் அழிக்க ஏலாது.

நாளைக்கே நீங்க முழுசா லினக்ஸ்ல வேலை செய்யிற ஆளா மாறினா கதை தலைகீழ், மிரர் எம்டிஅட்ம்ல. அப்ப கவனிக்க வேண்டியது நாலஞ்சி. முழு டிஸ்க்க அப்படியே அரேக்கு (ரெய்ட்ல சேத்த டிஸ்க் கூட்டம்) குடுக்காதீங்க, ஜிபிடி (டிஸ்க்க பிரிக்கிற அட்டவணை) போட்டு ஒரு பார்ட்டிஷன் அடிச்சி அதுக்கு லினக்ஸ் ரெய்ட்னு வகை குடுத்து அந்த பார்ட்டிஷன குடுங்க, இல்லாட்டி விண்டோஸ்ல டிஸ்க் மெனேஜ்மென்ட் தொறந்த உடனே "இந்த டிஸ்க்க இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு பணிவா கேக்கும், நீங்களும் பழக்கத்துல ஓகே அடிப்பீங்க, டிஸ்க்கோட தலைப்பக்கம் போச்சி. பார்ட்டிஷன் அடிக்கிறப்ப கடைசியில ஒரு 500 எம்பி சும்மா விடுங்க, ஏன்னா 2 டிபின்னு விக்கிற எல்லாம் சரியா ஒரே அளவில்ல, மூணு வருஷம் கழிச்சி வாங்குற மாத்து டிஸ்க் கொஞ்சம் சின்னதா இருந்தா அரேல சேராது. செஞ்ச பிறகு அரே விவரத்த எம்டிஅட்ம் கொன்ஃபிக் ஃபைல்ல எழுதி இனிட்ராம்எஃப்எஸ்ஸ (லினக்ஸ் எழும்புறப்ப முதல்ல ஓடுற சின்னத் தொகுப்பு) அப்டேட் பண்ணுங்க, இல்லாட்டி ரீபூட்டுக்கு பிறகு எம்டி 0ன்னு நீங்க வச்சது எம்டி 127னு வந்து நிக்கும், புதுசா செய்யிற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா திகைக்கிற இடம் அது. எஃப்எஸ்டேப்ல (எந்த டிஸ்க்க எங்க தொறக்கணும்னு சொல்ற ஃபைல்) யூயூஐடியால (அடையாள நம்பர்) குறிச்சி நோஃபெயில்னும் போட்ருங்க, அரே எழும்பாத அன்னைக்கு மெஷினாவது எழும்பும். நிலைமை பாக்க எம்டிஸ்டாட்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல யூ யூன்னு ரெண்டும் இருந்தா சுகம், ஒரு யூவும் பக்கத்துல ஒரு கோடும் இருந்தா ஒரு டிஸ்க் போயிருச்சின்னு அர்த்தம். 2 டிபி மிரர திரும்ப நிரப்ப, 150 எம்பி வேகத்துல, நாலு மணித்தியாலம் கிட்ட எடுக்கும்.

ரெண்டு ஓஎஸ்லயும் அதே போட்டோ வேணும்னா அதுக்கும் வழி இருக்கு, எனக்கு புடிச்சதும் அதுதான்: மூலையில கெடக்கிற பழைய மெஷின் ஒன்ன எடுத்து லினக்ஸ் போட்டு, டிஸ்க் ரெண்டையும் அதுல மாட்டி, எம்டிஅட்ம்ல மிரர் பண்ணி, சம்பா (விண்டோஸும் தொறக்கிற மாதிரி ஃபைல் பகிர்ற சொஃப்ட்வெயார்) வழியா நெட்வேர்க்ல குடுக்கிறது. விண்டோஸுக்கும் உபுண்டுக்கும் அது வெறும் ஃபோல்டர், சண்டை இல்ல. பழைய மெஷின்ல நெட்வேர்க் போர்ட் ஜிகாபிட்டான்னு மட்டும் பாருங்க, ஜிகாபிட்னா செக்கனுக்கு 110 எம்பி கிட்ட வரும், பழைய 100 போர்டா இருந்தா 11தான், ஒரு கல்யாணம் கொப்பி ஆகுறதுக்குள்ள அடுத்த கல்யாணம் வந்துரும்.

கரண்ட் கதை. நம்ம பக்கத்துல டிஸ்க்க கொல்லுறதுல முக்காவாசி இதுதான். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்க, 2025 பெப்ரவரியில பாணந்துறையில ஒரு கொரங்கு ட்ரான்ஸ்ஃபோமர்ல பாஞ்சி நாடே இருட்டாச்சின்னு அமைச்சரே சொன்னாரு. அறிவிச்சி வெட்டுறது பரவாயில்ல, எழுதிக்கிட்டு இருக்கிறப்ப சடார்னு போறதுதான் ஆபத்து. மிரர்ல அப்படி போனா ஒன்னுல எழுதி மத்ததுல எழுதாம நிக்கும், எம்டிஅட்ம்ல பிட்மேப்னு ஒரு குறிப்பு இருந்தா எழுதிக்கிட்டிருந்த பகுதிய மட்டும் சரி பண்ணும், பெரிய அரேக்கு அதுவே போட்டுரும், இருக்கான்னு பாருங்க. ரெய்ட் 5ல டேட்டா புதுசு, கணக்கு பழசுன்னு நின்னுரும், அத ரைட் ஹோல்னு சொல்றது, பிறகு ஒரு டிஸ்க் போனா பிழையான கணக்க வச்சி பிழையான ஃபைல செஞ்சி குடுக்கும், எச்சரிக்கை கூட வராது. மேல வேணாம்னு சொன்னது இதுக்குத்தான். எழுதப் போறத முதல்லயே குறிச்சி வைக்கிற ஜேர்னலுக்கு தனி டிஸ்க் போட்டு தடுக்கலாம், ஆனா அந்தக் காசுக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்க. லைன் இன்டெரக்டிவ் வகையா, மெஷின ஒழுங்கா ஷட்டவுன் பண்ண அஞ்சி நிமிஷம் தந்தா போதும், பேட்டரிய ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். இடிக்கு யூபிஎஸ் மருந்தில்ல, மார்ச் ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் முழங்க ஆரம்பிச்சா ப்ளக்க கழட்டுங்க, ரவுட்டருக்கு வாற டெலிபோன் வயரையும் சேத்து. வயர் வழியா வந்த இடியில லேன் போர்ட்டும் மதர்போர்ட்டும் போன மெஷின் என் மேசைக்கு வருஷா வருஷம் வரும்.

டிஸ்க் பொட்டியில எஸ்எம்ஆர்ங்கிற வகையான்னு மொடல் நம்பர வச்சி தேடிப் பாருங்க. அதுல தடங்கள் ஓடு வேஞ்ச மாதிரி ஒன்னுமேல ஒன்னு கெடக்கும், நிறைய எழுதுறப்ப நொண்டும், மிரர திரும்ப நிரப்புற ரீபில்ட் நேரத்துல நாள் கணக்கா இழுக்கும். ரெய்ட்டுக்குன்னே வித்த டிஸ்க்லயே அந்த வகைய சொல்லாம வச்சிருந்தது 2020ல வெளிய வந்து பெரிய சத்தமாச்சி, அதனால மேல எழுதியிருக்கிறத மட்டும் நம்ப ஏலாது.

அப்புறம் இத கோவிக்காம கேளுங்க, மிரர் பெக்கப் இல்ல. நீங்க தெரியாம ஒரு ஃபோல்டர அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே செக்கன்ல அழியும், வைரஸ் பூட்டினாலும் ரெண்டும் பூட்டு. மிரர் காப்பாத்துறது ஒரு டிஸ்க் செத்தா வேலை நிக்காம இருக்கிறதுக்கு மட்டும். உங்க காசு ஒன்னுக்குத்தான் பத்தும்னா, நான் சொல்லுவேன், மிரரே வேணாம், ஒரு டிஸ்க்க மெஷின்ல வைங்க, மத்தத ஒரு யூஎஸ்பி பொட்டியில போட்டு கெழமைக்கு ஒருக்கா கொப்பி எடுத்துட்டு கழட்டி வைங்க. அதையும் அதே வீட்ல வைக்காதீங்க. 2014 ஒக்டோபர் 29ம் திகதி கொஸ்லந்தை பக்கம் மீரியபெத்தை தோட்டத்துல மண் சரிஞ்சி லயமே (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) போச்சி, உயிரோட தப்பின ஆக்கள் பேர் பதிவு, அடையாள அட்டை, கல்யாண போட்டோ ஒன்னும் இல்லாம நின்னாங்க. உங்ககிட்ட இருக்கிறது உங்க போட்டோ மட்டும் இல்ல தம்பி, ஊருச் சனத்தோட போட்டோ. டவுன்ல அக்கா வீடு, கண்டியில சித்தப்பா வீடு, எங்கயாவது ஒன்னு இருக்கட்டும்.

கடைசியா குளிர்ல டிஸ்க் கெடுமான்னு கேட்டிருந்தீங்க. நுவரெலியாவே 1868 மீட்டர்தான், ஹாட் டிஸ்க்குகள 3000 மீட்டர் வரைக்கும் ஓடத்தான் செஞ்சிருக்காங்க, நம்ம குளிரும் அதுக்கு ஒன்னுமில்ல. ஈரந்தான் வில்லங்கம். ராத்திரி மெயில் ட்ரெயின்லயோ பஸ்லயோ பார்சல் வந்து விடியக்காலை பனியில எடுத்துட்டு வருவீங்க, டிஸ்க் ஐஸ் மாதிரி இருக்கும், அத அடுப்பு எரியிற சூடான வீட்டுக்குள்ள வச்சி உடனே பிரிச்சா கண்ணாடி கிளாஸ்ல வேர்க்கிற மாதிரி அதுலயும் வேர்க்கும். பொலித்தீன் கவர பிரிக்காம நாலஞ்சி மணித்தியாலம் மேசையில விட்டுட்டு, பின்னேரம் மாட்டுங்க.